பட்ஜெட்டுக்கு முதல் நாள் பாயசம்

சங்குத்தீவு என்ற குட்டி நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்ஜெட் வாசிப்பதற்கு முதல் நாள் நிதியமைச்சர் கடலோர மடத்துக்கு வர வேண்டும். அங்கே நடக்கும் பந்தியில் தன் கையாலேயே பாயசம் பரிமாற வேண்டும். இதை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பாயசம் நன்றாக இருந்ததால் யாரும் கேட்கவும் இல்லை.

இப்போதைய நிதியமைச்சர் குழந்தைவேலு. பேர்தான் குழந்தை, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மடத்துத் தலைவி உமையாள் அம்மா அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் அவரைத்தான் குழந்தைவேலு குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார். நாடாளுமன்றத்தில் மேஜையைத் தட்டிப் பேசுகிற மனிதர், அம்மாவின் முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அன்று காலை வரும்போதே அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, நம்ம நாடு இந்த வருஷம் மாதிரி என்னைக்கும் வளர்ந்ததில்லை. சூரை மீனுக்கு நல்ல விலை. ஹோட்டல்ல எல்லாம் இடமே இல்லை. கஜானா நிறைஞ்சிருக்கு. அந்தச் சந்தோஷத்துல பாயசத்துக்குப் பெரிய அண்டாவா வைக்கச் சொல்லிட்டேன். பருப்புப் பாயசம் ஒண்ணு, பால் பாயசம் ஒண்ணு!"

"நல்லது. அப்புறம் ஏன் நெத்தியில சுருக்கம்?"

குழந்தைவேலு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது.

"கடைத்திட்டுக்குப் படகுத்துறை கட்டணும்னு வருஷா வருஷம் எழுதறேன். கடைசிப் பக்கத்துல இருக்கு. மேல இருந்து ஒவ்வொண்ணா ஒதுக்கிக்கிட்டே வந்தா, அங்க வரும்போது பணம் தீர்ந்துடுது. சரி, ஏழை நாடு, என்ன பண்றதுன்னு இருந்தேன். இந்த வருஷம் இவ்வளவு வந்திருக்கு. இப்பவும் தீர்ந்துடுச்சு. அது எப்படிம்மா?"

கடைத்திட்டு அந்த நாட்டின் கடைசித் தீவு. அங்கே துறை கிடையாது. நீர் வற்றினால் படகு கரைக்கு வராது. நீர் ஏறியிருந்தாலும் மார்பளவு தண்ணீரில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். ஆஸ்பத்திரியோ பெரிய தீவில் இருக்கிறது.

"முதல்ல பரிமாறுங்க. இலை போட்டாச்சு," என்றார் உமையாள் அம்மா.

மடத்துக் கூடத்தில் ஒரே நீளமான பந்தி. யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் முதலில் உட்காரலாம், அவ்வளவுதான் விதி. கார் வைத்திருப்பவர்கள் முதலில் வந்திருந்தார்கள். ஹோட்டல் முதலாளி மருதப்பன், துறைமுகத் தலைவர், சபாநாயகர், அவர்களுடைய சொந்தபந்தம். கடைத்திட்டுக்காரர்கள் கடைசியாக வந்தார்கள். தண்ணீர் ஏறிய பிறகுதானே அவர்கள் படகு கிளம்ப முடியும்! ஈரச் சேலையும் ஈர வேட்டியுமாகப் பந்தியின் கோடியில் உட்கார்ந்தார்கள். அவர்களில் செங்கமலம் என்ற பெண்ணுக்கு நிறைமாதம். கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்துவிட்டு, பெரிய வேலையை முடித்தவள்போலப் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பருப்புப் பாயச வாளியைத் தூக்கினார். அவருக்குப் பரிமாறுவது பிடிக்கும். ஆள் பார்த்து உபசரிப்பதில் மன்னர்.

"வாங்க முதலாளி, ஒரு கரண்டி போதுமா?"

"எங்க போதும்? இந்த வருஷம்தான் பெரிய அண்டாவாமே," என்றார் மருதப்பன்.

"அப்ப ரெண்டு!"

துறைமுகத் தலைவருக்கு மூன்று. சபாநாயகர் வேண்டாம் வேண்டாம் என்று கையை அசைத்துக்கொண்டே இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். அவருக்கும் மூன்று. போன வருஷம் இதே ஆட்களுக்கு அரைக் கரண்டிதான் விழுந்தது, அப்போது ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பந்தியே கலகலவென்று இருந்தது. வாளி காலியாகக் காலியாக அண்டாவிலிருந்து நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கோடிக்கு வந்தபோது கரண்டி வாளியின் அடியில் கரகரவென்று உரசியது. குழந்தைவேலு திரும்பிப் பார்த்தார். சமையல்காரர் தூரத்திலிருந்தே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

கடைத்திட்டுக்காரர்கள் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. ஆண்கள் மடியிலிருந்தும் பெண்கள் முந்தானை முடிச்சிலிருந்தும் ஆளுக்கொரு வெல்லக் கட்டியை எடுத்தார்கள். இலையில் வைத்துக் கையாலேயே உடைத்தார்கள்.

அமைச்சர் திகைத்துப்போனார். "என்ன இது?"

"வெல்லம்தான் ஐயா," என்றாள் செங்கமலம். "பந்திக்கு வரும்போது எடுத்துக்கிட்டு வந்துடுவோம். எங்க வழக்கம்."

"எப்பலேருந்து?"

"எங்க மாமியார் காலத்துலேருந்து. இனிப்பு சாப்பிடாம மடத்துலேருந்து எழுந்திருக்கக் கூடாதில்ல? இந்தாங்க, நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்குங்க. ரொம்ப நேரமா நின்னுக்கிட்டே இருக்கீங்க."

குழந்தைவேலு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நல்ல வெல்லம். ஆனால் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பிரசவம் எப்பம்மா?"

"அடுத்த மாசம். நீர் வத்தாத நேரமா வலி வரணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். பிள்ளை அப்பன் மாதிரி இல்லாம சொன்ன பேச்சுக் கேட்டா சரி!"

கோடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் புருஷன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

குழந்தைவேலு வெறும் வாளியோடு உமையாள் அம்மாவிடம் வந்து நின்றார்.

"அம்மா, இன்னும் பெரிய அண்டாவா வெச்சிருக்கணும்."

"வெச்சிருந்தா?"

அமைச்சர் யோசித்தார். மருதப்பனின் இலை கண்ணில் பட்டது. அதில் பாயசம் தேங்கிக் கிடந்தது. மனிதரால் சாப்பிட முடியவில்லை, விரலால் அளைந்துகொண்டிருந்தார்.

"வெச்சிருந்தா, அவருக்கு நாலு கரண்டி போட்டிருப்பேன்," என்றார் மெல்ல.

"பால் பாயசம் தயாரா இருக்கு," என்றார் உமையாள் அம்மா. "இதை அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிங்க."

"அம்மா, அப்புறம் பெரிய மனுஷங்களுக்குப் பத்தலைன்னா?"

"ஆறிடப்போகுது. கிளம்புங்க."

குழந்தைவேலு கோடியிலிருந்து ஆரம்பித்தார். செங்கமலத்துக்கு இரண்டு கரண்டி. "ஒண்ணு உனக்கு, ஒண்ணு சொன்ன பேச்சுக் கேக்கப்போறவருக்கு." அவள் புருஷனுக்கு இரண்டு. கடைத்திட்டுக்காரர்கள் பால் பாயசத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் இலையிலிருந்த மிச்ச வெல்லத்தை எடுத்துப் பத்திரமாக மடியில் திரும்பக் கட்டிக்கொண்டார். அமைச்சருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஒரே ஓட்டமாகப் பரிமாறிக்கொண்டே வந்தார்.

மருதப்பன் இருக்கும் தலைப்பக்கத்துக்கு வந்தபோது வாளியும் காலி, அண்டாவும் காலி.

அமைச்சருக்கு வியர்த்துவிட்டது.

"தீர்ந்துபோச்சா?" என்றார் மருதப்பன். "அதெப்படித் தீரும்?"

"மன்னிக்கணும் முதலாளி."

"மன்னிப்பு கிடக்கட்டும். பால் பாயசம் இல்லாம எழுந்திருக்கறதா?" அவர் இடது கையால் போனை எடுத்தார். "டேய், ஹோட்டல்ல இன்னைக்கு விருந்துக்கு வெச்ச பாயசத்தை அப்படியே வேன்ல ஏத்தி மடத்துக்குக் கொண்டு வா."

"முந்திரி போட்டிருக்கானா கேளுங்க," என்றார் துறைமுகத் தலைவர். "இல்லைன்னா எங்க வீட்டுலேருந்து வரவழைக்கறேன்."

"போலீஸ்கிட்ட சொல்லி வேனுக்கு வழி விடச் சொல்றேன்," என்றார் சபாநாயகர்.

பந்தியில் ரசம் முடிந்து மோர் வருவதற்குள் வேன் வந்துவிட்டது. நான்கு பேர் சேர்ந்து ஒரு அண்டாவை இறக்கினார்கள். மடத்து அண்டாக்களைவிடப் பெரியது. மேலே முந்திரியும் திராட்சையும் மிதந்தன. தலைப்பக்கத்தில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்ட பிறகும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. உமையாள் அம்மாவே ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பந்தி முழுக்க இன்னொரு சுற்று வந்தார். செங்கமலம் இனிமேல் முடியாது என்று இலையின் மேல் குப்புறக் கவிழாத குறையாகக் கையை விரித்து மறைத்துக்கொண்டாள்.

பந்தி முடிந்தது. குழந்தைவேலு கை கழுவிவிட்டு அம்மாவின் அருகில் வந்தார். அவர் கையில் நாளை வாசிக்க வேண்டிய உரை இருந்தது.

"அம்மா, கடைசிப் பக்கத்தை எடுத்து முதல்ல வெச்சுட்டேன். முதல் ஒதுக்கீடு கடைத்திட்டுக்குத்தான்."

"சந்தோஷம்."

"ஆனா ஒரு கவலை. விமான நிலையத்துக்குப் புதுக் கூடம், கடற்கரைச் சாலைக்கு அலங்கார விளக்கு, சொகுசுக் கப்பல் வந்து நிக்கத் துறைமுகத்துல ஆழம். இதெல்லாம் பின்னால போயிடுச்சு. அங்க வரும்போது பணம் தீர்ந்துடும். அதுக்கு நான் யார்கிட்டச் சொல்லி ஏற்பாடு பண்றது?"

உமையாள் அம்மா வாசலைப் பார்த்தார். மருதப்பனின் ஆட்கள் காலி அண்டாவை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அண்டாவுக்கு நீங்களா சொல்லி அனுப்பினீங்க?" என்றார்.