சோற்று வேளைப் பாட்டு

நாய்க்காப்பகத்தை நகராட்சி எடுத்துக்கொண்ட நாளிலிருந்து, திருமேனியின் கைபேசி சோற்று வேளைகளில் தவறாமல் அடித்தது.

"சார், எங்க இருக்கீங்க? தட்டு வச்சாச்சு. ஒண்ணுகூட வாய் வைக்கல."

பேசியவன் பேச்சிமுத்து. காப்பகத்துக்கென்று நகராட்சி அனுப்பிய பணியாளன்.

"வந்துக்கிட்டே இருக்கேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. ஈ மொய்க்குது சார்."

திருமேனி சலித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். சலிப்பு உண்மைதான். ஆனால் சைக்கிளை மிதித்த வேகத்தில் அது தெரியவில்லை.

காப்பகம் முன்பு அருள்வெளி மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. சாலையில் அடிபட்டவை, வீட்டார் கைவிட்டவை என்று எல்லா நாய்களும் மடத்தின் பின்புறக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் திருமேனி. காப்பீட்டு அலுவலகத்தில் ஓய்வுபெற்ற பின் மடத்துக்கு வந்த சீடர். மடத்துத் தலைவி உமையாள் அம்மையைவிட வயதில் மூத்தவர்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலையில் சோறு விழுந்த பிறகும் யாரும் தொடுவதில்லை. அம்மை மூன்று வரிப் பாட்டு ஒன்றைப் பாடுவார். கடைசி வரியின் இழுப்பு அடங்கிய பிறகே கைகள் இலைக்குப் போகும்.

திருமேனி இந்த வழக்கத்தை நாய்களுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்.

முதலில் அது சண்டையைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. தட்டு வைத்ததும் ஒன்றை ஒன்று குதறிக்கொண்ட நாய்கள், பாட்டு முடியும்வரை வரிசையாக உட்காரப் பழகின. பிறகு அது ஒரு காட்சியாயிற்று. வெளியூரிலிருந்து வந்தவர்கள் படம் பிடித்தார்கள். "மனுஷனுக்கு வராத அடக்கம்" என்றார்கள். திருமேனி தலையைக் குனிந்துகொள்வார். காது மட்டும் நிமிர்ந்திருக்கும்.

தெருநாய்ப் பராமரிப்பை உள்ளாட்சியே நடத்த வேண்டும் என்று அரசு ஆணை வந்தபோது, அம்மை மறுப்புச் சொல்லவில்லை. "ஊர் வேலை. ஊரே செய்யட்டும்" என்று கொட்டகையையும் நாய்களையும் ஒப்படைத்துவிட்டார்.

நகராட்சி ஒழுங்காகவே செய்தது. சிமெண்டுத் தளம் போட்டது. குழாய் இழுத்தது. ஊசி போட மருத்துவர் வந்தார். திருமேனிக்குத் தளம் வழுக்குவதாகத் தோன்றியது; மருத்துவரின் கை முரடாகத் தோன்றியது. பாட்டு ஒன்றுதான் யாருக்கும் வரவில்லை.

திருமேனியின் குரலைக் கைபேசியில் பதிவு செய்து போட்டுப் பார்த்தார்கள். நாய்கள் கைபேசியை முகர்ந்தன. பேச்சிமுத்து தானே பாடிப் பார்த்தான். தவிட்டு நிறத்தில் இருந்ததால் தவிட்டான் என்று பெயர் பெற்ற அரைக்குருட்டுக் கிழநாய், அவன் இரண்டாம் வரிக்குப் போவதற்குள் எழுந்து மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்று திருமேனி பாடி முடித்து, தட்டுகள் காலியானதும், சுகாதார ஆய்வாளர் ரெஜினா அவரைக் கூப்பிட்டார். காப்பகத்தின் பொறுப்பு இப்போது ரெஜினாவிடம் இருந்தது.

"சார், திங்கட்கிழமையில இருந்து வெளியாள் யாரும் உள்ள வரக்கூடாதுன்னு கமிஷனர் சொல்லிட்டாரு."

"நான் வெளியாளா?"

"சம்பளம் வாங்குறீங்களா?"

"இல்ல."

"அப்ப வெளியாளு. நான் என்ன சார் பண்ணட்டும்? பாட்டுக்கு ஆள் போடுங்கன்னு மேல கேட்டேன். மேல இருந்து என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தாங்க."

"தவிட்டான் செத்துப்போவான் மேடம். போன வாரம் தங்கச்சி மக கல்யாணத்துக்குப் போனேன். ஒரு நாள்தான். பருக்கை தொடாம மஞ்சளா வாந்தி எடுத்துட்டான்."

"தெரியும். கழுவினது நாங்கதான்."

திருமேனி நேராக அம்மையிடம் போனார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க நகராட்சி சேர்மன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். சோத்து வேளைக்கு மட்டும் என்னை உள்ள விடச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"நான் போகலைன்னா அதுங்க பட்டினி."

"எத்தனை நாளைக்குப் பட்டினி கிடக்கும்?"

"அது எப்படித் தெரியும்? ஒரு நாளுக்கு மேல நான்தான் விட்டதே இல்லையே."

அம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார். "கொடுத்தாச்சுல்ல?"

"கொட்டகையைக் கொடுத்தோம். நாயைக் கொடுத்தோம். உசிரையுமா கொடுத்தோம்?"

"சாப்பாட்டு நேரம் ஆச்சு. வாங்க" என்று அம்மை எழுந்தார்.

கூடத்தில் இலை போட்டார்கள். சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. எல்லோரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அம்மை பாடவில்லை. பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.

சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். சமையல்கார வைரவன் வாளியோடு நின்றான்.

"அம்மா, இன்னிக்குப் பாட்டு..."

"ரசம் ஊத்துப்பா."

அவன் ஊற்றினான். அம்மை ரசத்தை முடித்தார். மோரையும் முடித்தார். வரிசையில் ஒரு கையும் அசையவில்லை. வைரவனுக்குப் பொறுக்கவில்லை.

"விடியக்காலையில எந்திரிச்சு வடிச்ச சோறு. கல்லு மாதிரி ஆகுது. சாப்பிடுங்களேன் சாமிகளா!"

யாரும் சாப்பிடவில்லை. அம்மை இலையை மடித்தார்.

"பசிக்கலையா?"

"பசிக்குது அம்மா. நீங்க இன்னும் பாடலையே" என்றார் திருமேனி. குரலில் எரிச்சல் ஏறியிருந்தது.

"நல்லாப் பழக்கியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அம்மை கை கழுவப் போனார்.

திருமேனி பின்னாலேயே போனார். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே அம்மா."

"சாயங்காலம் போங்க. தட்டை அவங்க வைக்கட்டும். நீங்க பக்கத்துல உட்காருங்க. வாயைத் திறக்காதீங்க."

"சாப்பிடலைன்னா?"

"திறக்காதீங்க."

"அதைவிட நான் போகாமலே இருக்கலாமே!"

"போகாம இருந்தா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கும். போங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தும் திருமேனிக்கு அன்றைய சோறு இறங்கவில்லை. இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

சாயங்காலம் பேச்சிமுத்து தட்டுகளை வைத்தான். நாய்கள் வரிசையாக உட்கார்ந்து திருமேனியைப் பார்த்தன. அவர் சுவரோரமாகத் தரையில் அமர்ந்து உதடுகளை இறுக்கிக்கொண்டார்.

"ஆரம்பிங்க சார். ஏழு மணி பஸ்ஸை விட்டா எனக்கு அடுத்தது கிடையாது."

திருமேனி தலையை மட்டும் அசைத்தார். ரெஜினா எட்டிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"பாட மாட்டேங்கிறாரு மேடம். பேசவும் மாட்டேங்கிறாரு."

"என்ன சார் இது? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

திருமேனி சுவரைப் பார்த்தார்.

"கோபமா? கமிஷனர் மேல கோபம்னா அவர் வீட்டு முன்னாடி போய் உட்காருங்க. இந்த வாயில்லா ஜீவனுங்க என்ன பண்ணுச்சு?"

அவர் பதில் சொல்வதற்குள், அதாவது சொல்லாமல் விழுங்குவதற்குள், காலில் கட்டுப்போட்ட கறுப்புக் குட்டி ஒன்று தட்டில் தலையை விட்டது. பக்கத்திலிருந்தது அதைப் பார்த்தது. அதுவும் குனிந்தது. சற்று நேரத்தில் கொட்டகை முழுவதும் சளப் சளப் என்ற ஓசை நிறைந்தது. சண்டைகூட வரவில்லை.

இவ்வளவுதானா என்று திருமேனிக்கு இருந்தது. மகிழ வேண்டிய இடத்தில் நெஞ்சில் ஏதோ தைத்தது.

தவிட்டான் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். புரை விழுந்த கண்கள் திருமேனி இருந்த திசையில் நிலைத்திருந்தன. காதுகள் விறைத்து நின்றன. பிறகு எழுந்து வந்து அவர் முழங்காலை முகர்ந்தான். கையை முகர்ந்தான். ஈர மூக்கை அவர் தாடையில் வைத்துக் காத்திருந்தான்.

பாட்டு தொண்டைவரை வந்துவிட்டது. மூன்றே வரி. பாடிவிட்டால் இவன் இன்றைக்குச் சாப்பிட்டுவிடுவான். திங்கட்கிழமைக்கு?

திருமேனி பற்களைக் கடித்தார். கண்ணில் நீர் வந்தது. அதையும் துடைக்காமல் இருந்தார்.

வெளிச்சம் மங்கியது. பேச்சிமுத்து விளக்கைப் போட்டான். பொறுமை தீர்ந்துபோன ரெஜினா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தவிட்டானைப் பார்த்து உட்கார்ந்தார்.

"டேய் பெரியவரே, நீயாவது சொன்னதைக் கேட்டுச் சாப்பிடேன்யா. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க சாவி இல்லாம வாசல்ல உட்கார்ந்திருக்கும். கொசு மருந்து அடிக்கலைன்னா எனக்கு மெமோ. குழாய்ல தண்ணி வரலைன்னாலும் எனக்கு மெமோ. குழாய்க்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? இப்ப நீ சாப்பிடலைன்னு ஒரு மெமோ வாங்கணுமா? இந்த உத்தியோகத்துக்கு எங்கப்பா அன்னிக்கு எத்தனை பேர் காலைப் பிடிச்சாரு தெரியுமா?"

தவிட்டானின் ஒரு காது திரும்பியது. பிறகு மற்றதும்.

ரெஜினா நிறுத்தவில்லை. கமிஷனரில் தொடங்கி, வண்டி ஓட்டுநருக்குப் போய், மாமியாருக்கு வந்தபோது, தவிட்டான் திருமேனியின் தாடையிலிருந்து மூக்கை எடுத்தான். மெல்ல நடந்தான். தட்டை முகர்ந்தான். குனிந்து தின்னத் தொடங்கினான்.

ரெஜினாவின் பேச்சு நின்றது. தவிட்டானும் நிமிர்ந்தான்.

"நிறுத்தாதீங்க மேடம்!" என்றான் பேச்சிமுத்து.

ரெஜினா அவசரமாக நாத்தனாரை எடுத்துக்கொண்டார். தட்டு காலியானது.

"இனிமே தினம் திட்டினாத்தான் சாப்பிடும் போலிருக்கு மேடம்."

"திட்டுறதுக்கு எனக்கு விஷயமா பஞ்சம்? சார், இப்பவாவது வாயைத் திறங்க."

திருமேனி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். சைக்கிளை மிதிக்கத் தோன்றவில்லை. தள்ளிக்கொண்டே மடத்துக்கு வந்தார்.

கூடத்தில் மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். அம்மை மட்டும் இருந்தார்.

"என்ன ஆச்சு?"

"சாப்பிட்டுட்டான்."

"யார் பாடினாங்க?"

"யாரும் பாடல. ரெஜினா மேடம் மாமியாரைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க."

அம்மை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தாமே இலை போட்டு, சோறு வைத்து, ரசம் ஊற்றி, எதிரே அமர்ந்தார்.

மதியத்திலிருந்து பட்டினி கிடந்த திருமேனி இலையின் முன் உட்கார்ந்தார். ஆவி பறந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மையின் முகத்தைப் பார்த்தார்.

அம்மை ரசக் கரண்டியைக் கீழே வைத்தார்.

திருமேனி பார்வையை எடுக்கவில்லை.

"என் வாயில என்ன இருக்கு?" என்றார் அம்மை. "சோறு இலையில இருக்கு."