தங்கம் என்று கூப்பிட்ட மரநாய்

இருவாச்சிப் பறவைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், மண்ணும் பழச்சக்கையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் பறவை அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளுக்கு இறகெல்லாம் உதிர்ந்து போயிருக்கும். பறக்க முடியாது. அந்த மண்சுவர்தான் அவளுக்குக் காவல்.

அப்படித்தான் மஞ்சளி என்ற இருவாச்சி, ஓடைக்கரை வேங்கை மரத்தில் இரண்டு குஞ்சுகளோடு அடைந்து கிடந்தாள்.

அவள் புருஷன் கொண்டையன் நல்ல உழைப்பாளி. ஆனால் வாய் இருக்கிறதே, சரியான ஓட்டை வாய்! அத்திமரத்தில் பழம் பறிக்க வந்த பறவைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

"என் பெண்டாட்டிக்கு நான் வச்ச பேரு தங்கம்! நாலு தட்டு தட்டினாப் போதும், நான்தான்னு தெரிஞ்சுக்குவா. நேத்துதான் ரெண்டாவது குஞ்சு பொரிஞ்சுது. ஓடைக்கரை வேங்கை மரம், கிழக்கப் பாத்த பொந்து!"

யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. அவனாகவே அளந்தான். கீழே புதரில் படுத்திருந்த மரநாய் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. கொண்டையன் வாலிலிருந்து விழுந்த இறகு ஒன்றையும் கவ்விக்கொண்டு கிளம்பியது.

டொக், டொக், டொக், டொக்!

"தங்கம்! நான்தான்! காட்டுல தீப்பிடிச்சிருச்சு! சுவரை உடைச்சிட்டு குஞ்சுகளோட வெளிய வா! சீக்கிரம்!"

மஞ்சளி திடுக்கிட்டாள். "என்னங்க, குரல் ஏன் இப்படிக் கரகரங்குது?"

"புகை தொண்டைய அடைக்குது. பேசிட்டு நிக்கிற நேரமா இது? ரெண்டாவது குஞ்சு நேத்துதானே பொரிஞ்சுது, அது கருகிப் போகணுமா?"

கீறல் வழியாக ஓர் இறகு நீண்டது. கொண்டையனின் இறகேதான். பெற்ற வயிறு பதறாதா? மஞ்சளி அலகால் சுவரைக் கொத்தினாள். ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

கொத்திக்கொண்டே சொன்னாள்: "பக்கத்து மரத்துல குரங்குங்க குட்டியோட இருக்குமே! அதுங்களுக்கும் ஒரு சத்தம் குடுங்க!"

"வேண்டாம்! மூச்சு விடாதே! யாருக்கும் தெரியாம வா!"

மஞ்சளியின் அலகு நின்றது. தீப்பிடித்தால் ஊரைக் கூட்டுவார்களா, வாயைப் பொத்துவார்களா? காது கொடுத்துக் கேட்டாள். பக்கத்து மரத்துக் குரங்குகள் பழத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அலறவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? என்னையே சந்தேகப்படுறியா? தங்கம்னு பேரு வச்சதே நான்தானே!"

"பேரை யார் வேணும்னாலும் சொல்லலாம். கீழ விழுந்த இறகை யார் வேணும்னாலும் எடுக்கலாம். இரு, என் புருஷனை நானே கூப்பிட்டுப் பாக்குறேன்!"

மஞ்சளி போட்ட கூப்பாட்டில் காடே அதிர்ந்தது. தூரத்து அத்திமரத்திலிருந்து, "என்னடி? இதோ வந்துட்டேன்!" என்று பதில் வந்தது. வாசலில் நிற்பவன் எப்படி அங்கிருந்து பதில் சொல்வான்?

வேஷம் கலைந்ததும் மரநாய் உடைந்த ஓட்டைக்குள் கையை விட்டது. நகம் சின்னக் குஞ்சின் முதுகில் உரசியது. அப்போது வந்தது பாருங்கள், மஞ்சளிக்கு ஆத்திரம்! அந்தக் கையை அலகால் கவ்வி நெரித்தாள்.

"ஐயோ! விடு! விட்டுடு!"

கொண்டையனின் சிறகுச் சத்தம் பக்கத்தில் கேட்கும்வரை அவள் விடவில்லை. விட்டதும் மரநாய் தொப்பென்று கீழே விழுந்து, நொண்டிக்கொண்டே ஓடியது.

உடைந்த சுவரைப் பார்த்த கொண்டையன் குதித்தான். "அறிவிருக்கா உனக்கு? எவனோ கூப்பிட்டா சுவரை உடைச்சிருவியா?"

"உடைச்சது என் தப்புதான், இல்லேன்னு சொல்லல" என்றாள் மஞ்சளி. "ஆனா நீங்க வச்ச பேரு, தட்டுற தட்டு, குஞ்சு பொரிஞ்ச நாளு, எல்லாம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் இந்தப் பொந்தை விட்டு வெளிய போயி ரெண்டு மாசம் ஆச்சே!"

கொண்டையன் தன் ஓட்டை வாயை மூடிக்கொண்டு, சுவரை அடைக்க ஓடையில் மண் எடுக்கப் போனான்.

வீட்டு விஷயத்தை ஊரெல்லாம் பரப்பாதே. வாசலில் வந்தாலும் சரி, செல்போனில் வந்தாலும் சரி, 'சீக்கிரம், யாரிடமும் சொல்லாதே' என்று அவசரப்படுத்துகிறவனை நம்பாமல், உனக்குத் தெரிந்த வழியில் நீயே கேட்டு உறுதி செய்துகொள்.