பாட்டன் மாடத்தின் முதற்படி

முன்னொரு காலத்தில் நெடுவாகை நாட்டைப் பரிவல்லபன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அந்த நாடு எங்கே இருந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. அரசன் முன்கோபக்காரன் என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை.

தலைநகரின் சந்தை நடுவே ஒரு செங்கல் மாடம் நின்றது. அரசனுடைய பாட்டனுக்குப் பாட்டன் கட்டியது என்பதால், ஊரார் அதைப் பாட்டன் மாடம் என்றார்கள். படிகள் வெளிப்புறமாகவே சுற்றிச் சுற்றி உச்சிக்குப் போகும். சந்தைக்கு வந்தவன், சம்பந்தம் பேச வந்தவன், சும்மா வந்தவன், எல்லோரும் ஏறுவார்கள். ஏறி நின்று, "அதோ எங்கள் வீட்டுப் புளியமரம்!" என்று கத்துவார்கள். அந்த மரத்தடியிலிருந்துதான் அன்று காலை கிளம்பி வந்திருப்பார்கள்.

ஏறிய கால்கள் செங்கல்லைத் தேய்த்தன, காரை உதிர்ந்தது. ஒருநாள் ஒரு செங்கல் பெயர்ந்து, கீழே மோர் விற்றுக்கொண்டிருந்தவளின் பானையில் விழுந்தது. சற்றுத் தள்ளி விழுந்திருந்தால் அவள் மண்டை உடைந்திருக்கும்.

அரசன் கோபத்தில் குதித்தான். "இனி ஒருவரும் ஏறக்கூடாது! வில்லவராயரே, இது உம் பொறுப்பு."

வில்லவராயர் அரசவைப் பிரபு. முதலமைச்சர் ஆசனத்தின் மேல் நெடுநாளாக அவருக்கு ஒரு கண். சாத்தப்பன் என்ற காவலனை மாடத்தடியில் நிறுத்தி, ஏறுகிறவனுக்குக் கசையடி, ஏறவிட்ட காவலனுக்கும் கசையடி என்று பறையறைவித்தார். அதுவரை ஏற நினைக்காதவர்களுக்கும் அன்றுதான் ஆசை வந்தது. முன்பக்கம் ஒருவன் சாத்தப்பனிடம் பேச்சுக் கொடுப்பான். பின்பக்கம் அவன் கூட்டாளிகள் தொற்றி ஏறுவார்கள். அகப்படுகிறவன் அபூர்வம். அடியெல்லாம் சாத்தப்பன் முதுகில் விழுந்தது.

அடுத்து, வில்லவராயர் முதற்படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, "இங்கே தெய்வம் குடியிருக்கிறது" என்றார். நம் ஜனங்களை அறியாத மனிதர்! உச்சியில் விளக்கேற்றினால் தடைப்பட்ட கல்யாணம் நடக்கும் என்று மறுநாளே சேதி பரவியது. ஏற முடியாத கிழவர்களையும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மாடம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.

"எல்லாம் இந்தக் காவலனின் சோம்பல், மகாராஜா. நாடு கடத்துங்கள்," என்றார் வில்லவராயர் அரசவையில்.

சாத்தப்பன் முதுகை நிமிர்த்த முடியாமல் நின்றான். "சாமி, மாடம் நாலு பக்கமும் இருக்கு. எனக்குக் கண்ணு முன்னாலதான் இருக்கு. பெண்டாட்டி பிள்ளைகளோட நான் எங்கே போவேன்?"

முதலமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். முட்டிவலிக்காரர், எழுந்து முடிக்கச் சற்று நேரமானது.

"நாளைச் சந்தை முடியும்வரை பொறுங்கள், மகாராஜா. கசையும் வேண்டாம், வேலியும் வேண்டாம். நான் நிறுத்துகிறேன். பொழுது சாய்வதற்குள் ஒரே ஒருவர் உச்சிக்குப் போனாலும், சாத்தப்பனோடு நானும் நாட்டை விட்டுப் போகிறேன்."

"அப்போது தங்கள் ஆசனம்?" என்றார் வில்லவராயர்.

"சூடு ஆறுவதற்குள் நீரே உட்கார்ந்துகொள்ளலாம்."

மறுநாள் காலை அம்பலவாணர் முதற்படி அருகே நின்றார். முதலில் வந்தவர் ஒரு வெற்றிலை வியாபாரி. படியில் கால் வைத்தார். அமைச்சர் முனகிக்கொண்டே குனிந்து, அந்தக் கால் பட்ட செங்கல்லைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

வியாபாரி திடுக்கிட்டார். "ஐயா! என்ன இது?"

"ஒன்றுமில்லை, நீர் ஏறும். இது பாட்டன் மாடம். பெரியவர் மேல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் அல்லவா? நீர் அவசரமாக இருக்கிறீர். அதனால் உமக்காக நான்."

"இந்த வயதில் நீங்கள் குனியலாமா? முட்டி வேறு..."

"அதற்கென்ன? அடுத்த படியில் கால் வையும். அதற்கும் ஒருமுறை குனிகிறேன்."

வியாபாரி நெருப்பை மிதித்தவர்போல் கீழே குதித்தார். தாமே செங்கல்லைத் தொட்டு ஒற்றிக்கொண்டு, எதிரே வந்தவர்களிடம், "போகாதீர்கள்! பெரிய மனிதர் குனிகிறார்!" என்று கையை ஆட்டினார். இளவட்டங்கள் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். "பின்பக்கம் தொற்றினால் அங்கேயும் வந்து குனிவார். கசைக்கு முதுகைக் காட்டலாம். இதற்கு எதைடா காட்டுவது?" என்று திரும்பிப் போனார்கள்.

நண்பகல் ஆனபோது மாடத்துப் பக்கம் வருகிற கால் ஒன்றுகூட இல்லை. வில்லவராயர் அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராஜா, 'ஒரே ஒருவர்' என்றாரே, அதில் தாங்களும் அடக்கம்தானே? தாங்கள் ஏறினால் தடுக்க எவனுக்குத் துணிவு?"

அரசனுக்குக் குறும்பு பிடித்தது. "ஆமாம்! அந்த மனிதர் முகம் போகிற போக்கைப் பார்த்தே ஆக வேண்டும்!"

பல்லக்கு வந்து இறங்கியது. சாத்தப்பனின் மனைவி மூட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டாள். அரசன் சிரித்துக்கொண்டே முதற்படியில் கால் வைத்தான். அம்பலவாணர் குனிந்தார், தொட்டார், ஒற்றிக்கொண்டார்.

"எனக்குமா, அமைச்சரே?"

"மற்றவர்களுக்கு இவர் ஊர்ப் பாட்டன். தங்களுக்குச் சொந்தப் பாட்டன். ஆனால் மகுடம் தரித்தவர் குனிவதில்லை என்பது வழக்கம். ஆகவே, தங்களுக்காக நான் இன்னொரு முறை."

மறுபடியும் குனிந்தார். முட்டி சொடுக்கிய சத்தம் சந்தைக்கே கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அரசன் தன் காலுக்கடியில் பார்த்தான். செங்கல் அகப்பைபோலக் குழிந்திருந்தது. மெல்லக் காலை எடுத்தான். மகுடத்தைக் கழற்றி, பக்கத்தில் யார் என்றுகூடப் பாராமல் நீட்டினான். நின்றவன் சாத்தப்பன். இரு கையாலும் மகுடத்தை ஏந்திக்கொண்டான். அரசன் குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நிமிர்ந்தபோது அவன் குரல் தணிந்திருந்தது. "அம்பலவாணரே, உமது ஆசனம் உமக்கே. சாத்தப்பா, நீ எங்கும் போக வேண்டாம். உன் முதுகுக்கு அரண்மனை வைத்தியர் தைலம் தருவார்." பிறகு திரும்பினான். "வில்லவராயரே, நீர் இதில் ஏறியதுண்டா?"

"ஆண்டுதோறும், மகாராஜா! தங்கள் பிறந்தநாள் கொடியை உச்சியில் ஏற்றுவதே நான்தான்," என்றார் அவர் பெருமையாக.

"ஓகோ! அப்படியானால் மிதித்த படி ஒவ்வொன்றுக்கும் ஒற்றிக்கொள்ளும். ஏற வேண்டாம், இங்கே நின்றபடியே."

பொழுது சாயும்வரை வில்லவராயர் குனிந்து குனிந்து நிமிர்ந்தார். கடைசியில் இரக்கப்பட்டவன் சாத்தப்பன்தான். "எஜமானே, இடுப்பு விட்டுப்போகும். சித்த நேரம் உட்காருங்க."

அவர் நன்றியோடு அவனைப் பார்த்தார். திரும்பி, அலுப்போடு முதற்படியிலேயே உட்கார்ந்தார்.

"ஐயையோ!" என்றது சந்தை முழுவதும்.

துள்ளி எழுந்தவர், யாரும் சொல்லாமலே செங்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று அவர் ஒற்றிக்கொண்டதில் தாமாகச் செய்தது அது ஒன்றுதான்.

பாட்டன் மாடம் இன்னும் நிற்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் தேடிப்போய்ப் பார்க்கலாம். கீழே நின்று.