புலிக்கு வைத்த வெற்றிலை

நெட்டையன்விளைக்காரர்களுக்குப் பனை ஏறத் தெரியும். இறங்கவும் தெரியும். இது ரெண்டுக்கும் நடுவில் யோசிக்கச் சொன்னால்தான் கொஞ்சம் சிரமம்.

அந்த ஊரில் தவசிக்கண்ணு என்று ஒருத்தன். மாமன் மகள் பூங்கனியைத்தான் கட்டுவேன் என்று நாலு வருஷமாக நின்றான். மாமா சிவனணைஞ்ச பெருமாள் இறங்கி வரவில்லை. "ஊர்ல எவங்கிட்டயும் இல்லாத ஒண்ணு உங்கிட்ட இருந்தா பொண்ணு தாரேன்" என்று சொல்லிவிட்டார். தவசிக்கண்ணு வீடு முழுக்கத் தேடிப் பார்த்தான். அவனிடம் இருந்ததெல்லாம் ஊரில் எல்லாரிடமும் இருந்தது. அவனிடம் இல்லாததும் எல்லாரிடமும் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து, குவாத்தமாலா என்ற தூரதேசத்திலிருந்து ஆராய்ச்சி செய்கிற அம்மா ஒருவர் ஊருக்குக் கடிதம் போட்டிருந்தார். அங்கே ஒரு மழைக்காடாம். காட்டுக்கு நடுவே மாயன் சனங்கள் அந்தக் காலத்தில் கட்டி, இப்போது பாழடைந்து கிடக்கிற கல் கோபுரங்களாம். மிருகங்களைப் படம் பிடிக்க மரத்தில் கேமரா கட்ட வேண்டும், நல்ல மரமேறிகள் மூன்று பேர் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஜாகுவார் என்று ஒரு புள்ளிப்புலி அங்கே உண்டு, அது யார் கண்ணிலும் லேசில் படாது என்றும் எழுதியிருந்தார்.

மாமா அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏலே தவசி, அந்தப் புலிகூட ஒரு போட்டோ எடுத்துட்டு வா. ஆவணிக்குள்ள வந்தா பூங்கனி உனக்கு. இல்லேன்னா பக்கத்தூரு டிராக்டர்காரனுக்கு."

தவசிக்கண்ணுவும், அவன் சித்தப்பா சுயம்புவும், கூட்டாளி கோயில்பிச்சையும் கிளம்பினார்கள். வாசலைத் தாண்டும்போதுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போனால் விளங்காது. அதற்குத்தான் நம் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறதே, ஒரு கல்லை எடுத்துக்கொண்டால் அது நாலாவது ஆள். தவசி வீட்டு வாசலில் கிடந்த, தேங்காய் அளவுக் கல் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

மற்ற ஊர்க்காரர்கள் தெருமுனை தாண்டியதும் கல்லைப் போட்டுவிடுவார்கள். நெட்டையன்விளையில் கூட வந்த ஆளைப் பாதி வழியில் இறக்கிவிடுகிற வழக்கம் கிடையாது. கல்லும் சென்னைக்குப் போனது. விமான நிலையத்தில் அதிகாரி பையைத் திறந்து இது என்ன என்று கேட்டார். எங்ககூட வந்தவரு என்றார் சித்தப்பா. அதிகாரி கல்லை உற்றுப் பார்த்தார். "அதிகம் பேச மாட்டாரு சார்" என்று கோயில்பிச்சை எடுத்துச் சொன்னான். மூன்று தடவை எக்ஸ்ரே பார்த்துவிட்டு அனுப்பி வைத்தார்கள்.

குவாத்தமாலாவில் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஹிலாரியோ. தூத்துக்குடிக் கப்பல் ஒன்றில் எட்டு வருஷம் சமையல் வேலை பார்த்தவர். அதனால் தமிழ் பேசுவார், அதுவும் துறைமுகத் தமிழ். வந்த அன்றைக்கே மூவரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தார்.

"எலே, நல்லாக் கேளுங்க. இந்தக் காட்டுல கத்துற குரங்கு இருக்கு, சிங்கம் மாதிரி உறுமும். எது உறுமுனாலும் அது குரங்குதான், பயந்து ஓடாதீங்க. கோபுரத்துப் படியில ஏறக் கூடாது. இங்கேயிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. புலி வந்துச்சுன்னா முதுகைக் காட்டாதீங்க, கண்ணுக்குக் கண்ணு பார்க்காதீங்க. அவ்வளவுதான்."

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

கோபுரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். வீட்டுக்காரங்க எங்க என்று சித்தப்பா கேட்டார். அவர்கள் போய் ஆயிரம் வருஷத்துக்கு மேலே ஆகிறது என்றார் ஹிலாரியோ. அத்தனை நாளைக்குப் போகிறவர்கள் கதவைப் பூட்டாமல் போயிருக்கிறார்களே என்று மூவருக்கும் மனசு கேட்கவில்லை. கோயில்பிச்சை சாயங்காலம் வரை வாசலில் காவல் இருந்தான்.

கேமரா கட்டுகிற வேலையைக் குறை சொல்ல முடியாது. கண் மூடித் திறப்பதற்குள் மரமேறி, கோபுரத்துப் படியைப் பார்த்தமாதிரி கட்டிவிட்டார்கள். எதிரே ஏதாவது அசைந்தால் அதுவாகப் படம் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையாகவே எடுக்கிறதா என்று பார்க்கக் கோயில்பிச்சை எதிரே நின்று அசைந்துகொண்டே இருந்தான். மூன்று நாளில் நானூற்றுப் பன்னிரண்டு படம் விழுந்திருந்தது. எல்லாம் கோயில்பிச்சை. ஒன்றில் மட்டும் ஓரமாக, உடம்பு அளவுக்கு மூக்கு வைத்திருந்த பறவை ஒன்று அவனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

ஹிலாரியோ தலையில் அடித்துக்கொண்டார். ஊர் திரும்ப இன்னும் ரெண்டே நாள். தவசிக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. டிராக்டர் ஓடுகிற சத்தம் காதிலேயே கேட்டது.

அன்றைக்குத்தான் அந்த எறும்புகளைப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் ஒரு இலைத் துண்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வரிசை கலையாமல் போயின. மூவரும் குத்தவைத்து நெடுநேரம் பார்த்தார்கள்.

"பச்சை இலை கொண்டு போறாங்க. பந்தல்தான்" என்றார் சித்தப்பா. "கல்யாண வீடு."

"எத்தனை பேரு வந்திருக்காங்க பாருங்க. நல்ல குடும்பம் போல" என்றான் கோயில்பிச்சை.

"அழைச்சிருப்பாங்க, வந்திருக்காங்க." சொல்லிவிட்டுச் சித்தப்பா அப்படியே நின்றார். மெதுவாகத் தவசிக்கண்ணு பக்கம் திரும்பினார். "ஏலே, நாம புலியை அழைச்சமா?"

தவசிக்கண்ணு நாக்கைக் கடித்துக்கொண்டான். இத்தனை தூரம் வந்து, அவர் காட்டிலேயே தங்கி, அவரோடு போட்டோ எடுக்கவும் ஆசைப்பட்டுவிட்டு, ஒரு வார்த்தை முறையாக அழைக்கவில்லை. எந்த மானஸ்தன் வருவான்? பூங்கனி வீட்டு விசேஷத்துக்கு வாய்வார்த்தையாகச் சொன்னார்கள் என்று இவனே போனவருஷம் போகாமல் இருந்தவன்தானே.

மறுநாள் விடியற்காலையிலேயே குளித்துத் திருநீறு பூசி, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துவைத்தார்கள். ஊரிலிருந்து வந்த வெற்றிலை அப்பளமாகியிருந்தது, அதனாலென்ன. வெறும் வெற்றிலையை வைத்தால் அசைவம் சாப்பிடுகிறவருக்கு மரியாதையாக இருக்காது என்று நாலு துண்டு நெய்மீன் கருவாடும் வைத்தார்கள். சித்தப்பா காட்டைப் பார்த்துக் கைகூப்பி, நெட்டையன்விளைத் தவசிக்கண்ணு கல்யாண விஷயமாக ஒரு போட்டோ எடுக்க வேண்டியிருக்கிறது, ஏழரைக்குள் குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார்.

பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோபுரத்து முதல் படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏறத்தான் கூடாது, உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நடுவில் கல்லையும் உட்காரவைத்தார்கள்.

இப்போது ஒரு சந்தேகம் வந்தது. புலி வந்தால் கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. ஆனால் வந்துவிட்டது என்று பார்க்காமல் எப்படித் தெரியும்? பார்த்துவிட்டால், பார்த்ததாகிவிடுமே? கொஞ்ச நேரம் கூடிப் பேசி, வருவதற்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொள்வது என்று முடிவானது.

மூடிக்கொண்டார்கள். அரைமணி நேரம் போயிருக்கும். பக்கத்தில் எதுவோ உறுமியது.

"சித்தப்பா" என்றான் தவசிக்கண்ணு.

"குரங்குலே."

இன்னும் கிட்டத்தில் உறுமியது. தவசிக்கண்ணுவின் முழங்காலில் சூடாக மூச்சுக் காற்று பட்டது.

"ரொம்பப் பக்கத்துல இருக்கு சித்தப்பா."

"அவருதான் தெளிவாச் சொன்னாரே. எது உறுமுனாலும் குரங்கு."

"நாத்தம் தாங்க முடியலையே" என்றான் கோயில்பிச்சை.

"பல்லு விளக்காத குரங்கு" என்றார் சித்தப்பா. "பேசாம இரிங்க. புலி வர்ற நேரம்."

கருவாட்டைக் கடிக்கிற சத்தம் கேட்டது. மரத்தில் கேமரா சொடுக்கியது. அப்புறம் ஒன்றும் இல்லை. ஏழரை மணிக்குக் கண்ணைத் திறந்தால் தட்டில் கருவாடு ஒரு துண்டுகூட இல்லை, வெற்றிலை பாக்கு மட்டும் அப்படியே கிடந்தது. புலிக்கு வைத்ததைக் குரங்கு தின்றுவிட்டதே என்று தவசிக்கண்ணு அழுதேவிட்டான்.

ஹிலாரியோ கேமராவை இறக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "எலே" என்றார். அதற்குமேல் ரொம்ப நேரத்துக்கு அவருக்குத் தமிழ் வரவில்லை.

படத்தில், மேலே மூன்று பேர் கண்ணை இறுக மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கல். அவர்களுக்கு முன்னால், பொன்னிற உடம்பில் கறுப்புப் பூப்போட்டு, வாயில் கருவாட்டோடு, கேமராவை நேருக்கு நேர் பார்த்தபடி ஜாகுவார்.

கிளம்புகிற அன்று பையில் கல் இருப்பதை ஹிலாரியோ பார்த்துவிட்டார். எடுத்த இடத்தில் வையுங்கள் என்றார். அதற்குத்தான் ஊருக்குக் கொண்டு போகிறோம் என்று சித்தப்பா பொறுமையாகச் சொன்னார்.

ஆவணி பிறக்க ரெண்டு நாள் இருக்கும்போது தவசிக்கண்ணு மாமா வீட்டுக்குள் போய்ப் படத்தை நீட்டினான். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஊரே பின்னால் நின்று பார்த்தது. கடைசியில் மாமா கேட்டார்.

"இதுல நீ எதுலே?"

தவசிக்கண்ணு தொட்டுக் காட்டினான்.

"தூங்குத."

"கண்ணை மூடியிருக்கேன் மாமா."

"புலி பக்கத்துல கண்ணை மூடுறவன் என் மகளை எப்படிப் பார்த்துக்குவான்?" மாமாவின் விரல் கீழே நகர்ந்தது. "இந்தப் பையனைப் பாரு. கூப்பிட்ட நேரத்துக்கு வந்திருக்காரு. குடுத்ததைக் குறை சொல்லாமச் சாப்பிட்டிருக்காரு. வெத்தலை போடுற கெட்ட பழக்கம் இல்லை. படம் எடுக்கும்போது நேராப் பார்க்காரு. உடுப்பும் நல்லா இருக்கு. மாப்பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்."

ஊர் ஒத்துக்கொண்டது. பூங்கனி எட்டிப் பார்த்து, மீசை நல்லா இருக்கு, கருவாடுதான் பிடிக்கும்னா சமையல் கஷ்டமில்லை என்றாள்.

தவசிக்கண்ணு படத்தை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தான். நியாயமாகச் சொன்னால், மாமா சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. படத்தில் முன்னால் நின்றவர் அவனைவிட எடுப்பாகத்தான் இருந்தார்.

பெண் பார்க்க மாப்பிள்ளையை அழைத்துவர ஆள் வேண்டும், வழி தெரிந்தவன் தவசிக்கண்ணுதான் என்று முடிவானது. துணைக்குக் கோயில்பிச்சை. ரெண்டு பேர்தான், கல் தேவையில்லை என்று சொல்லிவிட்டு மாமா தாம்பூலத் தட்டை எடுத்துக் கொடுத்தார்.

தவசிக்கண்ணு வாங்கிக்கொண்டு தெருமுனை வரை போனான். பிறகு ஓட்டமாகத் திரும்பி வந்து, தன் வீட்டு வாசலில் கிடந்த அந்தக் கல்லைத் தூக்கிப் பையில் போட்டான். ஏன்லே என்று மாமா கேட்டார்.

"வரும்போது மாப்பிள்ளையோட சேர்த்து மூணு பேராயிருவோமே மாமா" என்றான்.