பொம்மைக்கு இல்லாத வியாதி

வெண்ணெய்ப்பாறைச் சீமையில் மழை தவறினாலும் மன்னர் மகிழ்மாறருக்குக் கோபம் தவறாது. கோபம் வரும்போதெல்லாம் அவரைச் சிரிக்க வைப்பது பேச்சியம்மையின் உத்தியோகம். அவளோ எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள். அரண்மனைக்குப் போகிற வழியில்கூட, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று நின்று நின்று யோசிப்பாள்.

அந்த ஊர் வைத்தியசாலையில் ஒரு மரப்பொம்மை நின்றது. மன்னருடைய தாத்தாவைப் பார்த்துச் செதுக்கியது. ஆறடி உயரம், முறுக்கு மீசை, ஒட்டிய வயிறு. மாணவர்களுக்குப் பாடமெல்லாம் அதை வைத்துத்தான்.

"பொம்மையில் இருப்பதுதான் உடம்பு," என்பார் பெரிய வைத்தியர் நாகலிங்கனார். "பொம்மையில் இல்லாத ஒன்று உங்கள் உடம்பில் இருந்தால் அது வியாதி. அதை நீக்குவதுதான் வைத்தியம்."

தாத்தா நல்ல சிவப்பு. அதனால் கன்னம் சிவந்தால் காய்ச்சல் என்று பாடம். கறுத்த கன்னத்தில் சிவப்புத் தெரியாது. ஆகவே கறுத்தவர்களுக்குக் காய்ச்சலே வராது என்று தீர்மானமாயிற்று. சுடலைமுத்து என்ற கறுத்த மாணவன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அதை மனப்பாடம் செய்தான்.

பொம்மைக்குக் கர்ப்பப்பையும் கிடையாது. ஆகவே வயிறு பெருத்து வருகிற பெண்களுக்கெல்லாம் வந்தது 'பலாப்பழ வீக்கம்'. மருந்து, சுக்குக் கஷாயமும் பட்டினியும்.

அரண்மனைச் சமையல்காரி முத்தக்காளுக்கு நிறைமாதம். வைத்தியர் அவளை அந்தப்புரத்தை ஒட்டிய ஓர் அறையில் அடைத்துப் பட்டினி போட்டுவிட்டார். மாணவி செம்பவளம்தான் முந்தானைக்குள் மறைத்துக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஐயா, அவங்க வயித்துல இருக்கிறது பிள்ளை," என்று வைத்தியரிடம் சொல்லியும் பார்த்தாள்.

"பொம்மையில் காட்டு!"

"பொம்மை ஆம்பளை ஐயா. பாடம் எழுதும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"மாணவர்களைக் கேட்டுப் பாடம் எழுதுவதா? நாளைக்கு, நோயாளியைக் கேட்டு மருந்து கொடு என்பாய்!"

விஷயம் மன்னரிடம் போனது. தாத்தாவைக் குறை சொன்னால் அவர் பொறுப்பாரா?

"நாளைக் காலை அந்தப் பொம்மையில் ஒரே ஒரு குறை காட்டட்டும். காட்டாவிட்டால் அவளுக்கு வைத்தியசாலையில் இடமில்லை!"

கேட்டதும் பேச்சியம்மை மாணவர்களிடம் ஓடினாள்.

"உன்னை விரட்டிட்டா முத்தக்காளை யாருடி பார்ப்பா? நாளைக்கே வலி எடுத்துட்டா? ஐயோ, ரெட்டைப் பிள்ளையா இருந்துட்டா?"

"என்ன குறை சொன்னாலும் மன்னர் ஏத்துக்க மாட்டாரேம்மா," என்றாள் செம்பவளம். சுற்றி நின்ற மாணவர்களும் ஆமாம் என்றார்கள்.

பேச்சியம்மை நகத்தைக் கடித்தாள். கடிக்க நகம் தீர்ந்தபோது யோசனை வந்தது.

"அப்போ குறையே சொல்ல வேண்டாம். எல்லாரும் சபைக்கு வாங்க. படிச்ச பாடத்தை அப்படியே செஞ்சு காட்டுங்க. மன்னர் மேலே!"

மறுநாள் பொம்மையைச் சபையில் நிறுத்தினார்கள். "முத்தக்காளுக்கு விடியற்காலையே வலி எடுத்துடுச்சும்மா," என்று செம்பவளம் காதில் சொன்னாள். பேச்சியம்மை மன்னர் முன்னால் போய் நின்றாள்.

"மகாராஜா, பொம்மையில் ஒரு குறையும் இல்லை," என்றாள்.

"அப்படிச் சொல்!"

"ஆகவே குறை உங்களிடம்தான் இருக்க வேண்டும்."

மாணவர்கள் மன்னரைச் சூழ்ந்துகொண்டு பொம்மையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பொம்மையைவிட ஒரு சாண் குட்டை," என்றான் சுடலைமுத்து.

"இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்தால் சரியாகும்," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் வைத்தியர்.

"வயிறு முன்னால தள்ளியிருக்கு!"

"பலாப்பழ வீக்கம்!" என்று மாணவர்கள் எல்லாரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள்.

"நான் பலாப்பழத்தைத் தொட்டதே இல்லையே!" என்று மன்னர் அலறினார்.

"முத்தக்காளும் அதைத்தான் சொன்னாள் மகாராஜா. யார் கேட்டார்கள்?" என்றாள் பேச்சியம்மை.

செம்பவளம் மன்னரின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் முகம் வாடியது.

"ஐயா, மன்னர் கையில ஏதோ துடிக்குது. பொம்மை கையில துடிக்கலையே!"

பேச்சியம்மை தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, பொம்மையில் இல்லாதது மன்னரிடம் இருக்கிறதே! வியாதிதானே வைத்தியரே? எப்போது நீக்கப் போகிறீர்கள்?"

"அது... அதை நீக்கினால்..."

"நீக்கினால்?" மன்னர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "ஒருவரும் கிட்டே வராதீர்கள்! அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்குப் பழகிவிட்டது!"

சொன்னது காதில் விழுந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகுடம் சரிகிற அளவுக்குச் சிரித்தார்.

"வைத்தியரே, இனிமேல் மாணவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாடம் எழுதும். ஆண், பெண், நெட்டை, குட்டை, கறுப்பு, சிவப்பு, எல்லா உடம்பும் அதில் வரட்டும். தாத்தா பாவம், நின்று நின்று கால் வலித்திருக்கும். அவரை வீட்டுக்கு அனுப்பும்."

செம்பவளம் முழுவதையும் கேட்க நிற்கவில்லை. முத்தக்காள் இருந்த அறைக்கு ஓடிவிட்டாள்.

மன்னர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். கழற்றிய கையோடு, நாடி துடிக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்தா பேச்சியம்மா. வேறென்ன வேண்டும், கேள்."

"வீட்டுக்குப் போக உத்தரவு வேண்டும் மகாராஜா. அடுப்பை அணைத்த ஞாபகமே இல்லை."

அப்போது அந்தப்புரத்துப் பக்கமிருந்து வீல் என்று ஒரு சத்தம் கேட்டது. மன்னர் திடுக்கிட்டார்.

"என்ன அது?"

"ஒன்றுமில்லை மகாராஜா," என்றாள் பேச்சியம்மை. "பலாப்பழம் பாலுக்கு அழுகிறது."