சம்மந்தி பந்துக்கு ஒரு குழி

ஆட்டுக்கல்பாளையத்துக்காரர்களுக்குக் கிணறு வெட்டத் தெரியும். அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அந்த ஊர்ச் சென்னியப்பன் மகளை, மலைமேல் குடியிருக்கும் கர்னல் அர்த்தநாரி தன் மகனுக்குக் கேட்டார். அவருக்கு எந்தக் காரியமானாலும் அவருடைய கோல்ஃப் கிளப்பில்தான் நடக்கணும்.

"புதன்கிழமை வாங்க. ஒரே ஒரு குழி ஆடுவோம். பந்து குழியில விழுந்ததும் தட்டு மாத்திக்கலாம். பன்னிரண்டுக்கு ராகுகாலம், ஞாபகம் இருக்கட்டும்!" என்றார், பட்டாளத்துக்கே உத்தரவு போடுகிற குரலில்.

சென்னியப்பன், மச்சான் குப்பண்ணன், பங்காளி நாச்சிமுத்து மூவரும் வெற்றிலை பாக்கு, தேங்காய், மாலை வைத்த தாம்பாளத்தோடு போய் இறங்கினார்கள்.

வாசலில் சூப்பர்வைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேசினார். "விருந்தாளிகளுக்கு ரெண்டே ரூல். குறைவா அடிக்கிறவர்தான் ஜெயிச்சவர். புல்தரையில குழி கண்டா உடனே இந்த மண்ணைப் போட்டு மூடணும். யார் போட்ட குழின்னு கேக்கக் கூடாது. அதுதான் இங்க மரியாதை." ஆளுக்கொரு மட்டையும் மண் பையும் கொடுத்தார்.

கர்னல் முதல் அடி அடித்தார். பந்து பறந்தது.

"அடடா, ஒண்ணு அடிச்சுட்டாரே, பாவம்," என்றான் குப்பண்ணன். "நாம அடிக்கவே வேண்டாமுங் மச்சான். ஜெயிச்சுடலாம்."

மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு மூவரும் முன்னால் நடந்தார்கள். போன இடத்தில் வழவழவென்று புல். நட்டநடுவில் ஒரு குழி. குழியில் கொடிக்கம்பு.

"எந்த நாசமாப்போனவன் வேலை இது?" என்று கொதித்தான் நாச்சிமுத்து.

"கேக்கக் கூடாதுன்னாங்கல்ல! மூடுறா," என்றார் சென்னியப்பன்.

கம்பைப் பிடுங்கிப் புதரில் எறிந்தார்கள். மூன்று பை மண்ணையும் கொட்டி, ஏறி மிதித்து, மேலே புல்லையும் பதித்தார்கள். அந்த நேர்த்தி இருக்கே, சாமி! குழி இருந்த இடமே தெரியவில்லை.

கர்னல் பந்தை அடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். "குழி எங்கய்யா?"

"மூடிட்டோமுங்க," என்றார் சென்னியப்பன், பரிசு வாங்க நிற்பவர் போல.

கர்னலின் மீசை துடித்தது. "பந்து குழியில விழாம ஆட்டம் முடியாது! ஆட்டம் முடியாம தட்டும் இல்ல, கல்யாணமும் இல்ல!" பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சூப்பர்வைசரைக் கூட்டி வரக் கிளம்பினார்.

சென்னியப்பன் முகம் வெளிறிப்போனது. "மகள் கல்யாணம்டா! ராகுகாலத்துக்கு அரை மணிதான் இருக்கு. வெட்டுங்க!"

"எத்தனை அகலமுங்?"

"சம்மந்திக்கு வயசாச்சு. சின்னதா இருந்தா பந்து தவறிடும். தாராளமா வெட்டு."

தோட்டக் கொட்டகையில் கடப்பாரையும் மண்வெட்டியும் கிடைத்தன. கேட்கணுமா? குழி ஆள் ஆழத்துக்கு இறங்கிவிட்டது.

கர்னல் பின்னால் திரும்பி, ஓடி வரும் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டு பாதியில் நின்றது. தொப்.

மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"பந்து எங்கடா?"

"சம்மந்தி கையிலீங்."

"சம்மந்தி?"

"குழியிலீங்."

"அப்ப பந்து குழியில விழுந்தாச்சு! ஆட்டம் முடிஞ்சது!" சென்னியப்பன் கண்ணில் நீர் வந்துவிட்டது. தாம்பாளத்தைக் குழிக்குள் நீட்டினார்.

"தூக்குங்கடா!" என்று உள்ளிருந்து கர்னல் அலறினார்.

சென்னியப்பன் பணிவாகத் தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

வெட்டிப்போட்ட மண்ணை மண்வெட்டியில் அள்ளிய நாச்சிமுத்து கொஞ்சம் தயங்கினான். "குழியை மூடணுமே. உள்ள ஆள் இருக்காருங்களே?"

சென்னியப்பன் யோசித்தார். சம்மந்தி மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"கழுத்து வரைக்கும் போதும். மாலை போடணும்."