பாட்டரி மறைத்த நோய்

சங்கரன்கோவிலில் மாசானம் என்பவரிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. அந்தக் காரின் பானெட்டுக்குள் ஒரு பாட்டரியும் ஓர் ஆல்டர்னேட்டரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் போலக் குடியிருந்தன. வண்டி ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது ஆல்டர்னேட்டரின் வேலை. அதை வாங்கிச் சேர்த்துவைத்து, காலையில் இன்ஜினை எழுப்பிவிடுவது பாட்டரியின் வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்கூட மனத்தாங்கல் வந்ததில்லை.

பாட்டரிக்கு நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்கள் செய்கிற கேடு இருக்கிறதே, அப்பப்பா! இப்போது சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். கதையைக் கேளுங்கள்.

ஒரு நாள் ஆல்டர்னேட்டர் மெல்ல முனகியது. "அண்ணே, மேலுக்கு முடியல. உள்ள கரண்ட் கடத்துத கரி பிரஷ்ஷு தேஞ்சு போச்சு. சுத்தத்தான் செய்யுதேன், பழையபடி கரண்ட் வரமாட்டேங்கு."

"அதுக்கு ஏம்ல மூஞ்சியத் தொங்கப் போடுத? நான் இருக்கேம்லா! முடிஞ்சதக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றது பாட்டரி.

"மாசானம் அண்ணாச்சிக்குத் தெரியாண்டாமா?"

"தெரிஞ்சா ஒன்னயக் கழத்தி எறிஞ்சிட்டு வேற ஒருத்தன மாட்டிருவாரு. வாயத் தொறக்காம கெட."

ஆல்டர்னேட்டருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முடிந்த மட்டும் சுற்றியது.

டாஷ்போர்டில் இருந்த சிவப்பு விளக்குக்கு மட்டும் எதையும் மூடிமறைக்கத் தெரியாது. "சார்ஜ் ஏறல! சார்ஜ் ஏறல!" என்று கண்ணைச் சிவக்கவைத்துக்கொண்டு கத்தியது. கல்யாணத்துக்குச் சவாரி வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, செவப்பா எரியுது? ஊர் போய்ச் சேருவமா?" என்று கேட்டார்கள். மாசானத்துக்குச் சங்கடமாகப் போயிற்று. அவர் சம்சாரம் முகம் கழுவும்போதெல்லாம் நெற்றிப் பொட்டை எடுத்துக் காரின் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவாள். அதில் பெரிதாக ஒன்றைப் பிய்த்து விளக்கின்மேல் ஒட்டினார். அத்தோடு அதன் சத்தம் அடங்கிவிட்டது.

டீக்கடை வாசலில் மெக்கானிக் கனி பாய் வண்டியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "ஆல்டர்னேட்டர் இரையுதே மாசானம். வண்டிய விட்டுட்டுப் போ. இப்பன்னா பிரஷ்ஷோட போயிரும். விட்டா முழுசா மாத்தணும், தாங்க மாட்ட."

"நல்லாச் சொன்னீரு பாய்! காலையில சாவியத் திருப்புன ஒடனே எடுக்கு. சீக்கு வந்த வண்டி இப்படி எடுக்குமா?"

பேச்சு முழுவதும் பாட்டரியின் காதில் விழுந்தது. பிரஷ்ஷோடு போய்விடும் என்றதும் விழுந்தது. ஆனால், உடனே எடுக்கு என்று மாசானம் சொன்னாரே, அதுதான் அதற்கு இனித்தது. மறுநாள் காலையில் இல்லாத பலத்தையெல்லாம் திரட்டி இன்ஜினை எழுப்பியது. ஹாரனுக்குக் கொடுத்தது, பாட்டுப்பெட்டிக்குக் கொடுத்தது. கொடுத்ததெல்லாம் கையிருப்பு. வரவு சொற்பம்தான்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், புளியங்குடி ரோட்டில் பேய்மழை. வைப்பர் கரண்ட் கேட்டது, ஹெட்லைட் கேட்டது. பாட்டரி தட்டுத்தடுமாறியது.

"அண்ணே, என்னண்ணே செய்யுது?" என்று பதறியது ஆல்டர்னேட்டர்.

"ஒண்ணுமில்ல தம்பி." குரலே எழும்பவில்லை.

"காலியாயிட்டீங்களா? ஐயோ, ஏன் சொல்லல? பொறுங்க, தாரேன்."

நோயாளி ஆல்டர்னேட்டர் தன் உடம்பை மறந்து சுற்றியது. காலியாகிவிட்ட பாட்டரியோ வந்ததையெல்லாம் மடமடவென்று உறிஞ்சியது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தது, பசி விடவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம் கிளம்பியது. வண்டி புளியமரத்தடியில் நின்றுபோயிற்று.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கனி பாய் ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் பார்த்தார். "உள்ள காயில் கம்பி கருகிட்டு மாசானம். பாட்டரி வத்திப்போய்க் கெடந்திருக்கு. அத நெரப்பப் போயி இது செத்துருக்கு."

மாசானம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இந்த வருசமும் வீட்டுக்காரிக்குக் கம்மல் எடுத்தாப்லதான்! வண்டி ஒரு நாள் மக்கர் பண்ணியிருந்தாக்கூட ஓடி வந்திருப்பனே பாய்!"

பாட்டரிக்கு அப்போதுதான் உறைத்தது. எவனைக் காப்பாற்ற வேண்டும் என்று அத்தனையும் செய்ததோ, அவனைத் தின்று தீர்த்தது தானேதான். ஒரே ஒரு நாள் காலையில் முரண்டு பிடித்திருந்தால் தம்பி பிழைத்திருப்பான். பழைய இரும்புக் குவியலில் ஆல்டர்னேட்டர் விழுந்த சத்தம் கேட்டபோது, பாட்டரியால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

கனி பாய் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, பக்கத்தில் புது ஆல்டர்னேட்டரை மாட்டினார். பளபளவென்று இருந்தது அது. மரியாதை தெரிந்த பிள்ளை.

"அண்ணே, வணக்கம். நான் ஊருக்குப் புதுசு. நாளைக்கு எனக்கு ஒண்ணு முடியலன்னா நீங்கதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்."

"மாட்டேன்" என்றது பாட்டரி. "ஒனக்கு லேசா மேலுக்குச் சரியில்லன்னாலும், மறுநாள் காலையில நான் இன்ஜின எழுப்ப மாட்டேன். ஊர் கூடித் தள்ளட்டும்."

இப்படி ஒரு கல்நெஞ்சக்காரன் பக்கத்திலா வந்து மாட்டிக்கொண்டோம் என்று புதியது மனசுக்குள் நொந்துகொண்டது.